கேலிச்சித்திரமும் வாக்குரிமையும்: அயர்லாந்தையும் மலையகத்தையும் இணைத்து ஒரு நோக்கு

கேலிச்சித்திரத்தைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளுதல் தகுமா என வினவுவோர் உளர். அங்கதத்தைத் தொல்காப்பியர் காலந்தொட்டே செய்யுளியலின் வரம்பினுள் வைத்து ஆராய்ந்த மரபு நம்முடையது. வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம் எனவும், பழியை மறைத்துக் கூறுவது பழிகரப்பு அங்கதம் எனவும் அம்மரபு பகுத்துக் கண்டது. சொல்லால் செய்யப்படும் அங்கதத்துக்குப் பொருந்தும் இப்பகுப்பு, கோட்டால் செய்யப்படும் அங்கதத்துக்கும் பொருந்தும். ஆதலின் நாம் ஈண்டுப் புதியதொரு துறையுட் புகுகின்றோம் அல்லேம். பழையதொரு துறையின் எல்லையைச் சற்று விரித்துக் கொள்கின்றோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் அயர்லாந்து உறுப்பினர் பெற்றிருந்த செல்வாக்கைப் பரிகசித்து எழுந்த அச்சுச் சித்திரங்கள் பல. அவற்றை இலங்கைத் தமிழ் மாணவர் ஏன் நோக்க வேண்டும்? விடை மலையகத்தில் உளது. சிறுபான்மையினம் ஒன்று வாக்குச் சீட்டால் அரசை ஆட்டிவைக்கின்றது என்னும் அச்சத்துக்கு இச்சித்திரங்கள் முகமும் உடலும் கொடுத்தன. அதே அச்சம் நூறாண்டு கழித்து நுவரெலியா, அட்டன், தலவாக்கலைத் தேயிலைத் தோட்டங்களைக் குறித்து இலங்கையில் எழுந்தது. அயர்லாந்தில் அச்சம் சித்திரமாகவும் சட்டமாகவும் வெளிப்பட்டது. இங்கே பெரும்பாலும் சொல்லாகவும் சட்டமாகவும் வெளிப்பட்டது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எச்.பி.யின் பழிகரப்பு

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் கில்றே செப்புத் தகட்டிற் பொறித்து வண்ணந்தீட்டிய சித்திரங்கள் செம்பொருள் அங்கதத்தின் எல்லையைத் தொட்டவை. உடல் வீங்கும், வாய் பிளக்கும், அரசரும் அமைச்சரும் விலங்காவர். 1829இல் தொடங்கி 1851 வரை 'அரசியற் சித்திரங்கள்' என்னும் வரிசையிற் கல்லச்சுப் படங்களை வெளியிட்ட 'எச்.பி.' இதற்கு நேர்மாறானவர். அவர் எவரையும் அரக்கராக்கவில்லை. முகங்கள் உள்ளவாறே இருக்கும். உடை கண்ணியமானதாக இருக்கும். பழிப்பு முழுவதும் நிலைமையிலேயே தங்கியிருக்கும்: யார் முன் நிற்கின்றார், யார் பின் நிற்கின்றார், கடிவாளம் யார் கையில் உளது என்பனவே அவர்தம் மொழி. பழிகரப்பு அங்கதம் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

எச்.பி. என்னும் புனைபெயருக்குள் மறைந்திருந்தவர் ஜோன் டொயில். தம் முதலெழுத்துக்களான ஜே, டி என்பவற்றை இரட்டித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே இப்பெயரை அமைத்துக்கொண்டார். 1797இல் டப்ளின் நகரிற் பிறந்தவர், கத்தோலிக்கர். அயர்லாந்துச் செல்வாக்கைப் பரிகசித்த சித்திரங்களுட் புகழ்பெற்ற பலவற்றை வரைந்தவர் அயர்லாந்தவரே என்பது மனங்கொள்ளத்தக்கது. ஷெர்லொக் ஹோம்சைப் படைத்த ஆர்தர் கொனன் டொயில் இவருடைய பேரர். இவர் மகன் றிச்சட் டொயில் 'பஞ்ச்' இதழின் ஓவியர்களுள் ஒருவர். அவ்விதழ் பாப்பரசரைத் தாக்கியமை பொறாது 1850இல் விலகினார். அவர் விட்ட இடத்துக்கு வந்தவரே ஜோன் டெனியல். தந்தை வரைந்தார், மகன் விலகினார் என்னும் இவ்விரு செய்திகளும், கேலி எவ்வெல்லையில் நின்று பகையாகின்றது என்னும் வினாவை ஒரே குடும்பத்துள் எழுப்பிவிடுகின்றன.

எச்.பி.யின் சித்திரங்களில் மீட்டும் மீட்டும் வருபவர் டானியல் ஓ'கொனல். 1835இல் விக் கட்சியினரும் தீவிர சீர்திருத்தவாதிகளும் ஓ'கொனலைப் பின்பற்றியோரும் இலிச்ஃபீல்ட் மாளிகையிற் கூடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். பீலின் சிறுபான்மை அரசு வீழ்ந்தது; மெல்பேண் பிரபு அரசமைத்தார். அவ்வரசு ஓ'கொனலின் ஆதரவின்றி நிலைக்கவியலாதது. அது முதல் ஓ'கொனல், மெல்பேணையும் ஜோன் றசல் பிரபுவையும் தம் விருப்பப்படி நடத்திச் செல்பவராக எச்.பி.யின் படங்களிற் காட்சியளித்தார். அவருடன் நின்ற உறுப்பினரை அக்கால ஆங்கிலேயர் 'ஓ'கொனலின் வால்' என அழைத்தனர். இச்சொல்லே ஒரு சித்திரம். வாலுக்கு முகம் இல்லை, கருத்து இல்லை, தலை அசையும் திசையில் அது அசையும். முப்பதுக்கு மேற்பட்ட உறுப்பினரும் அவர்க்கு வாக்களித்த மக்களும் இச்சொல்லில் ஒருங்கே மறைந்து போயினர்.

எண்ணும் உருவும்

சித்திரம் காட்டும் உருவத்தைக் கணக்குடன் ஒப்பிட்டு நோக்குவோம். 1832இன் பின்னர் 658 உறுப்பினரைக் கொண்ட பாராளுமன்றத்தில் அயர்லாந்துக்கு உரியவை 105 இடங்கள். அஃதாவது நூற்றுக்கு 16. ஆனால் 1831ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஐக்கிய இராச்சிய மக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அயர்லாந்தில் வாழ்ந்தனர். சித்திரத்தில் அளவுக்கு மீறிய பேருருவாகத் தோன்றும் அயர்லாந்து, வாக்குக் கணக்கில் தனக்குரிய அளவில் பாதியே பெற்றிருந்தது.

அதற்கு முன்னரே வேறொன்றும் நடந்திருந்தது. அயர்லாந்தின் மாவட்டத் தொகுதிகளில் ஆண்டுக்கு நாற்பது சிலிங் பெறுமதியான நிலம் உடையோர்க்கு வாக்குரிமை இருந்தது. இவ்வேழைக் குடியானவர்களை நிலப்பிரபுக்கள் தேர்தல் நாளில் மந்தைபோற் கூட்டிச் சென்று தமக்கு வாக்களிக்கச் செய்தனர். அக்காலத்தில் அவர்தம் வாக்கு எவர்க்கும் அச்சந் தரவில்லை. 1826இல் வாட்டர்ஃபோட்டிலும், 1828இல் ஓ'கொனலே போட்டியிட்ட கிளேயர் தொகுதியிலும் அதே குடியானவர் பிரபுக்களின் சொல்லைத் தட்டி வாக்களித்தனர். உடனே அவர்கள் ஆபத்தானோர் ஆயினர். 1829இல் கத்தோலிக்கர்க்குப் பாராளுமன்றக் கதவைத் திறந்த அரசு, அதனுடன் சேர்த்து வாக்குத் தகுதியை நாற்பது சிலிங்கிலிருந்து பத்துப் பவுணாக உயர்த்திற்று. 216,000 அளவில் இருந்த வாக்காளர் தொகை 37,000 அளவுக்கு வீழ்ந்தது. ஒரு கையாற் கொடுத்ததை மறுகையாற் பறித்த செயல் இது. 1840இல் ஸ்டான்லி பிரபு, பதிவில் நிகழும் மோசடியைத் தடுத்தல் என்னும் பெயரில் அயர்லாந்து வாக்காளர் பதிவை இறுக்க முயன்ற மசோதா நிறைவேறவில்லை. எனினும் போக்கு ஒன்றே.

இதிலிருந்து நாம் பெறும் முதல் முடிபு இது: பிறர் கூட்டிச் செல்லும்போது அடங்கிச் செல்லும் வாக்காளனைக் கேலிச்சித்திரம் காண்பதில்லை. அவன் தானாக நடக்கத் தொடங்கும்போதே அவனை ஆட்டுவிப்பவன் ஒருவன் உளன் எனக் காட்டுகின்றது.

வௌவாலும் மறுவௌவாலும்

ஐம்பதாண்டின் பின் பாணெலின் காலத்தில் பழிகரப்பு மறைந்து செம்பொருள் திரும்பிற்று. 1882 மே மாதம் டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் நிகழ்ந்த கொலைகளை அடுத்து டெனியல் 'பஞ்ச்' இதழில் வரைந்த 'அயர்லாந்தின் பிராங்கன்ஸ்டைன்' என்னும் படத்தில், குருதி சொட்டும் கத்தியுடன் பூதம் நிற்க, அதனைப் படைத்தவராகப் பாணெல் அஞ்சிக் கிடக்கின்றார். 1885இல் வந்த மற்றொரு படத்தில் பாணெலின் முகங்கொண்ட குருதியுண்ணும் வௌவால், துயிலும் பெண்ணாகிய அயர்லாந்தின் மீது கவிகின்றது. அவ்வாண்டுத் தேர்தலில் லிபரல் கட்சி 335 இடங்களையும் கொன்சவேற்றிவ் கட்சி 249 இடங்களையும் பெற்றன, இடைவெளி 86. பாணெலின் கட்சி பெற்ற இடங்களும் 86. அச்சத்துக்கு இதனினும் துல்லியமான எண் வேண்டுவதில்லை.

எல்.பி. கேட்டிஸ் 1971இல் வெளியிட்ட 'குரங்குகளும் தேவர்களும்' என்னும் நூலில், விக்டோரியா கால ஆங்கிலச் சித்திரங்கள் அயர்லாந்தவரைக் குரங்குருவாக்கியமை இனவெறுப்பின் வெளிப்பாடு என வாதிட்டார். ஆர்.எஃப். ஃபொஸ்டர் முதலியோர் இதனை முழுமையாக ஏற்கவில்லை. 'பஞ்ச்' ஆங்கிலத் தொழிலாளரையும் இவ்வாறே இழித்து வரைந்தது என்பதும், வர்க்க நோக்கும் சமய நோக்கும் இதிற் கலந்திருந்தன என்பதும் அவர்தம் மறுப்பு. இவ்விவாதத்தில் ஒரு பக்கம் சாய்வது எமது நோக்கமன்று. இரு சாராரும் ஒப்புக்கொள்வதொன்றுண்டு: உருவத்தை இழிவாக்கும் கலை, கோரிக்கையைக் கேளாதிருப்பதற்கு ஒரு வழியாயிற்று.

ஆயினும் அயர்லாந்தவர் வாளாவிருந்தாரல்லர். 'பஞ்ச்' வௌவாலை வரைந்த இரு வாரத்துள் 'ஐரிஷ் பைலற்' என்னும் டப்ளின் இதழ் 'ஆங்கில வௌவால்' என மறுசித்திரம் வெளியிட்டது. குருதி உறிஞ்சுவது யார் என்னும் வினாவை அது திருப்பிப் போட்டது. தமக்கென அச்சகமும் ஓவியரும் வாசகரும் உடைய மக்களுக்கே இவ்வாறு மறுமொழி கூறுதல் இயலும். இதனை மனத்திருத்தி மலையகத்துக்கு வருவோம்.

முனியாண்டியின் சிரிப்பு

இலங்கையில் ஆங்கிலேயரின் நகைச்சுவை இதழ்களுக்கு முன்னோடியானது, இலண்டன் 'பஞ்ச்' இதழைப் பின்பற்றி ஜோன் கப்பர் 1860களின் இறுதியிற் கொழும்பில் தொடங்கிய இதழ். கோப்பித் தோட்டங்கள் செழித்திருந்த காலம் அது. ஜே.எல்.கே. வன் டோட் அதற்குச் சித்திரம் வரைந்தார். அதன் பெயர் 'முனியாண்டி'. தோட்டத் தொழிலாளர் வழிபட்ட காவற் தெய்வத்தின் பெயரைத் துரைமாரின் சிரிப்புக்குச் சூட்டியமை வியப்புக்குரியது. சட்டசபையில் தோட்ட முதலாளிகளுக்கு நியமனப் பிரதிநிதி இருந்தார். முனியாண்டியைக் கும்பிட்டவனுக்கு எவரும் இலர். துரைமார்க்கெனத் தமிழ் கற்பிக்க அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏ.எம். பெர்கியூசன் வெளியிட்ட கைந்நூலின் தலைப்பு 'இங்கே வா' என்பது. தெய்வத்தின் பெயரும் ஏவற்சொல்லும் மட்டுமே அச்சேறின, பேசுபவன் அச்சேறவில்லை.

தோட்டத்து வாழ்வில் மனிதர் எண்ணப்பட்ட முறையையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். காலையில் பிரட்டுக்களத்தில் வரிசையில் நிற்போர்க்குச் செக்றோலிற் பேர் விழும். ஆள் ஒன்றுக்கு இவ்வளவு எனப் பெரிய கங்காணிக்குத் 'தலைக்காசு' கிடைக்கும். முகமற்ற தலைகளாக எண்ணப்படுதல் மலையகத்தார்க்குப் புதிதன்று. 'ஓ'கொனலின் வால்' என்னும் சொல்லைத் தலைக்காசின் மொழியில் எவரும் உடன் விளங்கிக் கொள்வர்.

ஏழு இடங்களும் இரு சட்டங்களும்

1931இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையைக் கொணர்ந்தபோது, மலையகத்தின் இந்திய வமிசாவளியினர்க்கு வதிவிடம் முதலிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. எனினும் அட்டனிலிருந்து அரசாங்க சபைக்கு பெரி. சுந்தரம் சென்று தொழில் அமைச்சரானார். 1936இல் அவ்விடத்துக்குக் கோ. நடேசய்யர் வந்தார். நடேசய்யர் பத்திரிகையாளர், தொழிலாளர் துயரை நாடகமாகவும் எழுதியவர், அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மை தோட்டந்தோறும் பாடிச் சென்று தொழிலாளரைத் திரட்டியவர். அச்சும் மேடையும் தொழிலாளர் பக்கம் வரத் தொடங்கிய காலம் இது. இதே காலத்தில் பதிவு இறுக்கப்பட்டது. 1939இல் 225,000 அளவில் இருந்த பதிவுபெற்ற இந்திய வாக்காளர் தொகை 1943இல் 168,000 அளவுக்குக் குறைந்தது. ஸ்டான்லியின் மசோதா டப்ளினில் நிறைவேறாதிருக்கலாம்; அதன் உட்கருத்து வேறு மலைகளில் நிறைவேறிற்று.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசு ஏழு இடங்களைப் பெற்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, மஸ்கெலியாவில் மோத்தா, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம், பதுளையில் சுப்பையா, அலுத்நுவரவில் இராமானுஜம் ஆகியோர் தெரிவாகினர். வேறு தொகுதிகளிலும் தோட்டத்து வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணை நின்றன. ஐக்கிய தேசியக் கட்சி 95 தெரிவு இடங்களுள் 42ஐயே பெற்றது. 'மலைநாட்டுச் சிங்களவர் அந்நியரின் வாக்கில் மூழ்கடிக்கப்படுகின்றனர்' என்னும் பேச்சு முன்னரே இருந்தது. இப்போது அது வலுப்பெற்றது.

இங்கும் கணக்கைப் பார்ப்போம். 1946ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 780,000, மக்கட்டொகையில் 11.7 வீதம். 95இல் 7 என்பது 7.4 வீதம். அயர்லாந்தைப் போன்றே இங்கும், பேருருவாகக் காட்டப்பட்டோர் தமக்குரிய அளவினும் குறைவாகவே பெற்றிருந்தனர். மூழ்கடிக்கும் வெள்ளம் என்பது சொல்லால் வரையப்பட்ட கேலிச்சித்திரம். கோடு இல்லாமையால் அதனைக் கேலிச்சித்திரம் என எவரும் இனங்காணவில்லை. உண்மை எனவே கொண்டனர்.

பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் சேர்ந்து தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலானோரின் வாக்கைப் பறித்தன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் சார்பில் ஒருவர்தாமும் தெரிவாகவில்லை. ஆயினும் தேர்தற் றொகுதிகளுக்கு எல்லை வகுக்கையில் மக்கட்டொகைக் கணக்கில் அவர்கள் சேர்க்கப்பட்டனர். அவர்தம் தலைகளால் தொகுதி எழுந்தது. அத்தொகுதியில் வாக்களித்தோர் வேறு மக்கள். தலைக்காசு முறையின் அரசியல் வடிவம் என இதனைக் கூறலாம்: தலை எண்ணப்பட்டது, காசு பிறர் கைக்குச் சென்றது.

ஒப்புமையின் எல்லை

ஒப்புமை ஓரளவுக்கே செல்லும் என்பதையும் கூறுதல் நேர்மை. அயர்லாந்தவர் தம் மண்ணிற் குடியிருந்தோர். அவர்களை ஆங்கிலேயர் இழித்தனரேயன்றி நாடற்றவராக்கவில்லை. மலையகத்தார் ஏதிலராகவே கணிக்கப்பட்டனர். இதனினும் ஆழ்ந்த வேறுபாடு ஒன்றுண்டு. ஓ'கொனல் வேண்டியது பிரித்தானியாவுடனான இணைப்பை நீக்குதல். பாணெல் வேண்டியது சுயாட்சி. இருவரும் வெளியேற விழைந்தோர். 1947இன் எழுவரும் வேண்டியது குடியுரிமை. அவர்கள் உட்புக விழைந்தோர். உள்ளே வரக் கதவைத் தட்டுவோனையும் வீட்டைப் பிரித்துக் கேட்போனையும் ஒரே வடிவில் வரைதல், அச்சம் செய்யும் பெரும் பிழை. இப்பிழைக்கு விலையாக, 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையில் 975,000 மக்களின் எதிர்காலம் இரு பிரதமர்க்கிடையே பங்கிடப்பட்டது: 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பின்னர்த் தீர்மானிக்க. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை இக்கணக்கு நீண்டது.

1977இல் நுவரெலியா – மஸ்கெலியா என்னும் மூவங்கத்தவர் தொகுதியில் தொண்டமான் மூன்றாம் உறுப்பினராகத் தெரிவாகி, 1978இல் அமைச்சரானார். அது முதல் 1999இல் அவர் மறையும் வரை, ஆட்சியை ஆக்கவும் ஆட்டவும் வல்லவர் என்னும் பெயர் அவரைத் தொடர்ந்தது. ஓ'கொனலின் கையில் எச்.பி. வைத்த கடிவாளத்தை இப்பெயரிலும் நாம் காண்கின்றோம். தலைவரின் பேரம் பற்றிய கேலியில் நியாயமான பகுதியும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. பேரத்தாற் பெற்றது லயத்துக் காம்பராவுக்கு எவ்வளவு வந்தது எனத் தொழிலாளரே கேட்டுள்ளனர். ஆனால் அக்கேள்வி கேட்பவன் முகமுடையவன். வெளியே இருந்து வரையப்படும் படத்தில் அவன் மீண்டும் வாலாகிவிடுகின்றான்.

நம் பங்கு

கேலி முழுவதையும் பிறர்மேல் ஏற்றிவிட்டு நாம் விலகுதல் இயலாது. 'கள்ளத்தோணி' என்பதும் 'தோட்டக்காட்டான்' என்பதும் தமிழ்ச் சொற்கள். பின்னையது வடக்கிலும் கொழும்பிலும் தமிழ் பேசுவோர் நாவிலேயே பயின்றது. 1948–49இல் வாக்குரிமை பறிக்கப்பட்டபோது தமிழ்க் காங்கிரசு பிளவுண்டு, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியமை அரசியல் வரலாறு. அச்சொல்லை நாவிலிருந்து நீக்குதல் அதனினும் நெடுங்காலம் எடுத்தது. 1960களில் சிவஞானசுந்தரம் தொடங்கிய 'சிரித்திரன்' ஈழத்துத் தமிழ்க் கேலிச்சித்திரத்துக்கு ஒரு தளம் அமைத்தது. அவர்தம் 'சவாரித் தம்பர்' முதலிய மாந்தர் யாழ்ப்பாணத்து மண்ணில் வேரூன்றியவர்கள். அவர்களிடம் நாம் கண்டது பிறரைச் சிறுமைப்படுத்தும் சிரிப்பன்று, தன்னையே நோக்கிச் சிரிக்கும் சிரிப்பு.

மலையகம் தன் மறுசித்திரத்தைச் சொல்லாலேயே வரைந்தது. தலவாக்கலையில் தெரிவாகி வாக்குரிமையோடு ஆசனத்தையும் இழந்த சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மாந்தரை ஒருவர் ஒருவராகச் சித்திரித்து 1970இல் ஆங்கிலத்தில் 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்னும் நூலை வெளியிட்டார். அவர் தொகுத்து 1983இல் வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் தொழிலாளியின் நகைப்புக்கு ஆளாகின்றனர். கொழுந்து கிள்ளிக்கொண்டே பாடப்பட்ட இப்பாடல்கள், 'ஆங்கில வௌவால்' டப்ளினிற் செய்த பணியை அச்சகமின்றிச் செய்தவை. எச்.பி.யின் படத்தில் வாலாக மறைந்தவர்க்கு முகம் கொடுத்தல் அப்பணி.

இனி இத்துறையிற் செய்யத்தக்கன சில. சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் கொழும்பு நாளிதழ்களில் வந்த கேலிச்சித்திரங்களை, குறிப்பாக ஓப்றி கொலெற், டபிள்யு.ஆர். விஜேசோம ஆகியோர் வரைந்தவற்றை, மலையகத்தார் எவ்வாறு உருப்படுத்தப்பட்டனர் என்னும் நோக்கில் வரிசைப்படுத்தி ஆராய்தல் வேண்டும். அவற்றுக்கு அருகே அவ்வவ்வாண்டின் வாக்காளர் இடாப்பையும் வைத்து நோக்குதல் வேண்டும். சித்திரம் சுவையுடையது என்பதாலேயே அதன் கணக்கு சரியாகிவிடாது. மலையக மாணவர் பல்கலைக்கழகத்துக்கு வந்து தம் வரலாற்றைத் தாமே எழுதும் இக்காலத்தில் இவ்வாய்வை அவர்களே முன்னின்று நடத்துதல் பொருத்தமுடைத்து. ஏனையோர் நாம், நம் சொற்களஞ்சியத்தில் இன்னும் கிடக்கும் பழைய சித்திரங்களை எடுத்து வெளியே வைப்போமாக.